மண்ணுக்குள் வாழும் பாம்பை வீட்டில் வளர்ப்பது: கென்ய மண்ணுளிப் பாம்புக்கான முழுமையான வழிகாட்டி

மண்ணுக்குள் புதைந்து வாழும் சிறு பாம்புகளில், வீட்டில் வளர்க்க ஏற்றது எது என்று கேட்டால், அனுபவமுள்ள பெரும்பாலோர் முதலில் சொல்வது கென்ய மண்ணுளிப் பாம்பின் பெயரைத்தான். தான்சானியாவின் வடபகுதி, கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா தொடங்கி சூடான், எகிப்து வரை நீளும் வறண்ட நிலங்கள் இதன் தாயகம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் இது பல தலைமுறைகளாக மனிதரின் பராமரிப்பிலேயே பிறந்து, வளர்ந்து, விற்கப்படுகிறது. இதற்கு நஞ்சு கிடையாது. ஆண் பாம்பு பெரும்பாலும் 40 செ.மீ. நீளத்தைத் தாண்டுவதில்லை, பெண் 60 முதல் 80 செ.மீ. வரை வளர்ந்து, ஆணைப் போலப் பல மடங்கு எடை கொண்டதாகிவிடும். முறையாகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக்கூடிய விலங்கு இது என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தப் பாம்பைப் புதிதாக வளர்ப்போருக்கு நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, தரையில் ஊரும் பாம்புகளுக்கு எழுதப்பட்ட முறையை அப்படியே இதற்கும் பின்பற்றுவதால் வருபவை. மற்றப் பாம்புகள் வெப்பத்தைத் தேடித் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்கின்றன. மண்ணுளிப் பாம்போ அதோடு மேலும் கீழுமாகவும் நகர்கிறது. வெயில் ஏறும்போது ஆழத்துக்கு இறங்குவதும், இதமான வேளையில் மேல்மண்ணுக்கு அருகில் வந்து கிடப்பதும் அதன் இயல்பு. ஆகவே தொட்டியின் ஆழம், அதில் நிரப்பும் மண், வெப்பம் வரும் திசை ஆகிய மூன்றையும் சரியாக அமைத்துவிட்டால் பராமரிப்பின் பெரும்பகுதி முடிந்தது என்றே சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் வயல்வரப்புகளிலும் காணப்படும் மண்ணுளிப் பாம்புகள், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றமாகும். இருதலைப் பாம்பு என்ற பெயரில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபேசப்படும் வணிகம் முழுக்க முழுக்க மோசடி. அதிர்ஷ்டம் தரும், நோய் தீர்க்கும் என்பவற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவது தலை என்று காட்டப்படுவது மழுங்கிய வால்தான். எதிரி தாக்கும்போது தலையை உடற்சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டும் பழக்கம் இப்பாம்புகளுக்கு உண்டு. அந்தத் தற்காப்பு உத்தியே மனிதரிடம் அவற்றுக்கு வினையாக முடிந்திருக்கிறது.

கென்ய மண்ணுளிப் பாம்பு, அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இந்தியாவில் இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படியும் அதையொட்டி 2024இல் வெளியான விதிகளின்படியும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூரிலும் நியூசிலாந்திலும் செல்லப்பிராணியாகப் பாம்பு வளர்க்க அனுமதியே இல்லை; ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டுப் பாம்புகளுக்கு இடமில்லை. பிரிட்டனில் நஞ்சற்ற இந்தச் சிறு பாம்புக்கு உரிமம் தேவையில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் மாநில விதி, நகர விதி, வாடகை ஒப்பந்தம் என்று அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டியிருக்கும். இவற்றுள் பலரும் மறப்பது வாடகை ஒப்பந்தத்தைத்தான்.

பாம்பைத் தேர்ந்தெடுத்தல்

வளர்ப்பிடத்திலேயே பிறந்த குட்டியை மட்டுமே வாங்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து அனுப்பப்படும் பாம்புகள் விலையில் மலிவாக இருக்கலாம். ஆனால் உண்ணிகளோடும் குடற்புழுக்களோடும் வந்து, உறைந்த எலியை உணவென்றே ஏற்காமல் பல மாதங்கள் அலைக்கழிக்கும். விற்பவரிடம் பிறந்த நாள், பெற்றோர் விவரம், கடைசியாக உண்ட நாட்களின் பதிவு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். குறைந்தது நான்கைந்து முறையாவது உறைந்த எலியைத் தானாக உண்ட குட்டியாக இருப்பது நல்லது. உடல் உருண்டு திரண்டிருக்க வேண்டும். முதுகெலும்பு துருத்தித் தெரியக் கூடாது. கண்ணிலும் மூக்கிலும் கழிவுத்துளையிலும் ஈரமோ அழுக்கோ ஒட்டியிருக்கக் கூடாது.

ஆணா பெண்ணா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனெனில் தொட்டியின் அளவு அதைப் பொறுத்தது. ஆணுக்கு வால் சற்று நீளமாகவும், கழிவுத்துளையின் இருபுறமும் உள்ள கொக்கி போன்ற கால் எச்சங்கள் தெளிவாகவும் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் அடர்பழுப்புத் திட்டுகள் கொண்டதே இயல்பான தோற்றம். சிவப்பு நிறமி அற்ற கறுப்பு வெள்ளை வகை, கறுப்பு நிறமி அற்ற அல்பினோ, இவ்விரண்டும் கலந்த வெண்ணிற வகை எனப் பலவும் சந்தையில் உண்டு. விலை மாறுமே தவிர, பராமரிப்பு மாறாது.

தொட்டியும் மண்ணும்

வளர்ந்த ஆணுக்கு 75 செ.மீ. நீளமும் 30 முதல் 40 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டி போதும். பெண்ணுக்கு 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் தேவை. உயரத்தில் பயன்பெறும் பாம்பு இதுவன்று என்றாலும், 15 செ.மீ. மண்ணை நிரப்பிய பிறகும் விளக்குக்கும் பாம்புக்கும் போதிய இடைவெளி இருக்க வேண்டும் என்பதால், 40 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். முன்பக்கம் கதவு திறக்கும் தொட்டியாக இருந்தால், கதவின் அடியிலுள்ள தடுப்பு எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள்; பல தொட்டிகளில் அது ஐந்தாறு செ.மீ. மட்டுமே இருப்பதால், கதவைத் திறந்தவுடன் மண் சரிந்து கொட்டும். மேற்பக்கம் வலைமூடி கொண்ட கண்ணாடித் தொட்டியே இதற்கு வசதியானது. மூடிக்குக் கொக்கியோ பூட்டோ கட்டாயம். சோம்பிக் கிடப்பதாகத் தோன்றும் இப்பாம்பு இரவில் மூலைமூலையாக மூக்கால் தள்ளிப் பார்க்கும் வழக்கமுடையது. குட்டியாக இருக்கும்போது அது பென்சில் பருமனே இருக்கும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டவுடன் வெறும் மணலை வாங்கிக் கொட்டுவோர் பலர். இப்பாம்பு வாழும் இடங்களில் பெரும்பாலானவை மணல்மேடுகள் அல்ல. களியும் மணலும் கலந்த, புல்லும் முட்புதரும் வளரும் வறண்ட நிலங்கள். உலர்ந்த வெறும் மணலில் வளை நிற்காது; பாம்பு நகர நகரப் பின்னால் சரிந்து மூடிக்கொள்ளும். இரண்டு முறைகள் நல்ல பலனைத் தருகின்றன. முதலாவது, ஆஸ்பென் மரச் சீவல்: எடை குறைவு, சுத்தம் செய்ய எளிது, உள்ளே சுரங்கம் போட்டால் அப்படியே நிற்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதையே பரிந்துரைப்பேன். இரண்டாவது, உரமோ பூச்சிக்கொல்லியோ கலவாத தோட்ட மேல்மண்ணையும், குழந்தைகள் விளையாடப் பயன்படும் கழுவிய மணலையும் ஏறத்தாழ பாதிப்பாதியாகக் கலந்து, லேசாக நீர் தெளித்து அழுத்தி, நன்கு உலரவிட்ட கலவை. கலவை சரியாக அமைந்ததா என்பதைக் கையால் சோதிக்கலாம்: இரண்டு விரலை உள்ளே நுழைத்து மெல்ல வெளியே எடுங்கள். துளை அப்படியே நின்றால் சரி. உடனே சரிந்தால் மண்ணின் அளவைக் கூட்ட வேண்டும். விரல் நுழையவே சிரமப்பட்டால் மணலைக் கூட்ட வேண்டும்.

எதை இட்டாலும் ஆழம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பெண்ணுக்கு 15 செ.மீ. இருந்தால் நல்லது. தேவதாரு, பைன் மரச் சீவல்களின் நெடி பாம்பின் மூச்சுக்கும் தோலுக்கும் கேடு என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் வண்ணவண்ணமாக விற்கும் கால்சியம் மணலும் வேண்டாம்; ஈரம் பட்டால் கட்டியாக இறுகும் அந்தப் பொருள் வயிற்றுக்குள் போனால் அங்கேயும் இறுகும்.

வெப்பம் மேலிருந்து வரட்டும்

தொட்டியின் அடியில் ஒட்டும் ஹீட் மேட் (மின்சாரத்தால் சூடாகும் விரிப்பு) பல பாம்புகளுக்குப் பயன்படுகிறது. மண்ணுளிப் பாம்புக்கு அது பொருந்தாமைக்குக் காரணம் எளிது. உடல் சூடேறும்போது ஆழத்தில் குளிர்ச்சி கிடைக்கும் என்ற இயல்புணர்வோடு அது கீழே இறங்குகிறது. அடியில் ஹீட் மேட் இருந்தால், இறங்க இறங்கச் சூடு கூடுகிறது. மேலும் தடித்த மண் ஒரு போர்வைபோல் செயல்பட்டு வெப்பத்தைக் கண்ணாடியின் அடியிலேயே தேக்குவதால், மேற்பரப்பில் வைத்த வெப்பமானி 28 டிகிரி காட்டும்போது அடிக்கண்ணாடி அதைவிடப் பல டிகிரி அதிகமாகக் கொதித்துக்கொண்டிருக்கலாம். வயிற்றில் தீக்காயத்தோடு கால்நடை மருத்துவரிடம் வரும் பாம்புகளின் பின்னணியில், கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத ஹீட் மேட் அடிக்கடி இருக்கும்.

ஆகவே தொட்டியின் ஒரு முனையில், வலைமூடிக்கு மேலே, பகலில் ஹாலஜன் விளக்கையும், இரவில் அறை மிகவும் குளிர்ந்தால் மட்டும் ஒளி தராத செராமிக் வெப்ப உமிழியையும் வையுங்கள். விளக்குக்கு நேர் கீழே தட்டையான சிலேட்டுக் கல் ஒன்றைப் படுக்கவைத்தால், அது பகல் முழுவதும் சூட்டை வாங்கி அடியிலுள்ள மண்ணுக்குக் கொடுக்கும். அந்தக் கல்லுக்கு அடியில்தான் உங்கள் பாம்பு வாழ்நாளின் பாதியைக் கழிக்கும். கல்லின் மேற்பரப்பு 33 முதல் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனை 24 முதல் 27 டிகிரி, இரவில் 21 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது போதுமானது. எந்த வெப்பக் கருவியையும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்கக் கூடாது. ஹாலஜனுக்கு ஒளியை மங்கச்செய்து கட்டுப்படுத்தும் வகை வேண்டும். சூட்டைக் கையால் தடவிப் பார்த்து மதிப்பிடாமல், அகச்சிவப்பு வெப்பமானியால் கல்லின் பரப்பையும், உணரிக் கம்பி கொண்ட வெப்பமானியால் மண்ணுக்குள்ளும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஹீட் மேட்டைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள், அதைப் பக்கவாட்டுக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தெர்மோஸ்டாட்டுடன் ஒட்டலாம்.

பொருட்களை அடுக்கும் வரிசை

இந்த வரிசையை மாற்றக் கூடாது. கனமான கல், செங்கல், மரத்துண்டு ஆகியவற்றை முதலில் வெறும் கண்ணாடித் தரையில் அசையாதபடி நிறுத்தி, அதன் பிறகே மண்ணை நிரப்ப வேண்டும். மண்ணின்மேல் வைத்த கல்லுக்கு அடியில் பாம்பு குடைந்துகொண்டு போகும்போது கல் இறங்கி நசுக்கிவிடும். சிலேட்டுக் கல்லையும் தரையில் நிற்கும் இரண்டு செங்கல் துண்டுகளின்மேல், மண் மட்டத்துக்குச் சரியாக வரும்படி வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்துக்கும் இதே விதிதான். குளிர்ந்த முனையில் தட்டையான கல்லொன்றின்மேல் சிறிய, கனமான கிண்ணத்தை வைத்தால், பாம்பு அடியில் நுழைந்து அதைக் கவிழ்த்து மண்ணை நனைக்காது. ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு வரை இருந்தால் போதும். கடைசியாக, நனைத்துப் பிழிந்த பாசி நிரப்பிய மூடியுள்ள சிறு டப்பா ஒன்றை, பக்கவாட்டில் துளையிட்டு, வெப்பமான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவே புதைத்துவிடுங்கள். தோலுரிக்கும் காலத்தில் அது உதவும். எல்லாவற்றையும் அமைத்து, பாம்பை விடாமல் இரண்டு மூன்று நாட்கள் வெறுந்தொட்டியை ஓடவிட்டு, வெப்பநிலை நிலைப்பட்ட பிறகே பாம்பைக் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால், புதிதாக வருவதை இரண்டு மூன்று மாதங்கள் தனி அறையில் வையுங்கள். அந்தக் காலத்தில் மண்ணுக்குப் பதிலாகக் கிழித்த வெள்ளைக் காகிதத்தைக் குவித்துக் கொடுத்தால், ஒளிந்துகொள்ளவும் வசதி. கழிவையும் உண்ணியையும் உங்களால் பார்க்கவும் முடியும்.

உணவு

முதல் ஒரு வாரம் பாம்பைத் தொடாமல், உணவும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். அதன் பிறகு, மயிர் முளைக்காத சுண்டெலிக் குட்டி ஒன்றை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை குட்டிப் பாம்புக்குக் கொடுக்கலாம். இரையின் பருமன் பாம்பின் உடலிலேயே தடித்த பகுதியைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. வளர்ந்த ஆணுக்குச் சிறிய சுண்டெலியும், பெண்ணுக்கு முழு வளர்ச்சியுற்ற சுண்டெலியும் 10 முதல் 14 நாட்களுக்கு ஒன்று போதும். பெண் பாம்புக்கு நன்றாகப் பசிக்கிறதே என்று அடிக்கடி கொடுப்பவர்கள், அதன் கல்லீரலைக் கொழுப்பால் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உறைந்த எலியை முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் பிளாஸ்டிக் பையில் இட்டு வெந்நீரில் வைத்து, உடல் முழுவதும் இளஞ்சூடாகும் வரை காத்திருங்கள். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே வெந்து உள்ளே உறைந்தே இருக்கும். உயிருள்ள எலியை விடுவதில் பயனேதும் இல்லை. பாம்பு உண்ணாவிட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து மண்ணின் மேற்பரப்பில் மெல்ல இழுத்துக் காட்டுங்கள். சற்று நேரம் எதுவுமே நடக்காது. பிறகு ஓரிடத்தில் மண் இலேசாகத் தடித்து எழும். கடுகளவு கண்கள் இரண்டும் மூக்கின் நுனியும் மட்டும் வெளியே தெரியும். எலி அருகில் வந்ததும் தலை நேராகப் பாயாமல் பக்கவாட்டில் வெட்டித் திரும்பிக் கவ்வும். அடுத்த நொடியில் எலியைச் சுற்றி உடல் இறுகி, இரண்டும் மண்ணுக்குள் போய்விடும். இந்தப் பக்கவாட்டு வீச்சு கண்ணுக்குப் பிடிபடாத வேகம் கொண்டதால், குட்டைச் சாமணத்தையோ கைவிரலையோ பயன்படுத்த வேண்டாம். உண்ணும்போது சிறிது சீவலோ மண்ணோ வாய்க்குள் போனால் அஞ்சத் தேவையில்லை. நீரும் வெப்பமும் சரியாக உள்ள பாம்பு அதைக் கழிவோடு வெளியேற்றிவிடும்.

உண்ட பின் 48 மணிநேரம் பாம்பைத் தூக்கக் கூடாது. ஆண் பாம்புகள் குளிர்காலத்திலும் இணைசேரும் பருவத்திலும் வாரக்கணக்கில் உணவை மறுப்பது வழக்கம்; எடை குறையாதவரை வற்புறுத்த வேண்டாம். உண்டதைக் கக்கிவிட்டால், வெப்பநிலையைச் சரிபார்த்துவிட்டு, 10 முதல் 14 நாட்கள் இடைவெளி விட்டுப் பாதி அளவு இரையைக் கொடுங்கள். மீண்டும் கக்கினால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டியதுதான்.

கையில் எடுத்தல்

மேலிருந்து இறங்கும் கை, பறவையின் நகமாகவே அதற்குத் தெரியும். ஆகையால் பாம்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கையை மண்ணுக்குள் நுழைத்து, மண்ணோடு சேர்த்தே அள்ளுங்கள். சீவல்கள் விரலிடுக்கில் உதிர்ந்த பிறகு பாம்பு உள்ளங்கையில் இருக்கும். வெளியே வந்ததும் விரல்களுக்கிடையில் தலையை நுழைத்துத் துளைக்கப் பார்ப்பது கோபமன்று, ஒளிய இடம் தேடுவதே. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் என்ற அளவு இதற்குப் போதும். ஒவ்வொரு நாளும் கையில் வைத்து விளையாட விரும்புவோர் வேறு பாம்பைத் தேடுவதே நியாயம்.

தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுவது கட்டாயம். ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்பு குன்றியவர்கள் ஆகியோர் தொடாமல் இருப்பது நல்லது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

தோலுரிப்பும் நோய்க்குறிகளும்

கண்கள் பால்நிறமாக மங்கினால் தோலுரிப்பு நெருங்குகிறது என்று பொருள். அப்போது டப்பாவிலுள்ள பாசியை ஈரமாக வைத்து, பாம்பைத் தொடாமல் விடுங்கள். உரித்த தோலைத் தேடி எடுத்து, கண்களை மூடியிருந்த செதில்களும் வால்நுனியும் அதோடு வந்துவிட்டனவா என்று பாருங்கள். துண்டுதுண்டாக உரிந்திருந்தால், ஈரத்துணி வைத்த காற்றோட்டமுள்ள டப்பாவில் அரைமணிநேரம் விட்டால் மீதம் கழன்றுவிடும். கண்ணில் ஒட்டியதை மட்டும் நகத்தால் கிள்ளி எடுக்க முயல வேண்டாம்.

பெரும்பாலும் மண்ணுக்குள் மறைந்திருக்கும் விலங்கு என்பதால், நோய் முற்றிய பிறகே கண்ணில் படும் ஆபத்து இதில் அதிகம். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசு போன்ற ஒன்றில் எடைபோட்டு, உண்ட நாள், கழித்த நாள், தோலுரித்த நாள் ஆகியவற்றோடு குறித்துவைப்பது இதற்குத்தான். பகலில் தொடர்ந்து மண்ணின்மேலேயே கிடப்பது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கில் குமிழி தோன்றுவது, தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடப்பது ஆகியவை எச்சரிக்கைகள். கிண்ணத்தின் அடியில் கரும்புள்ளிகள் கிடந்தால் உண்ணி என்று ஐயுறுங்கள்.

கழிவைக் கண்டவுடன் அள்ளி எடுத்துவிட்டு, மரச்சீவலை இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

வளர்க்கக் கூடாத சில

பூந்தொட்டி மண்ணில் மண்புழுபோல் நெளியும் புழுப்பாம்பைக் கண்டவர்கள், இதையும் வளர்க்கலாமா என்று கேட்பதுண்டு. செடித்தொட்டிகளோடு பயணித்து உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலும் பரவியுள்ள அந்த இனத்தில் எல்லாமே பெண்கள்தாம். ஆண் துணையின்றியே பெருகுகின்றன. அவற்றின் உணவு எறும்பு, கரையான் ஆகியவற்றின் முட்டைகளும் புழுக்களும். அதை இடைவிடாமல் கொடுப்பது நடைமுறையில் இயலாது. கண்ட இடத்திலேயே மண்ணில் விட்டுவிடுங்கள். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் கேடயவால் பாம்புகளும் குளிர்ந்த ஈரமண்ணையும் மண்புழுவையும் நம்பியவை, அவையும் காட்டுக்குரியவை. தென்கிழக்காசியாவின் வானவில் பளபளப்பு கொண்ட சூரியக்கதிர்ப் பாம்பு கடைகளில் கிடைத்தாலும், பெரும்பாலும் காட்டில் பிடிக்கப்பட்டது. புதியவர்களின் கையில் நெடுநாள் தங்குவதில்லை.

ஒரே தொட்டியில் இரண்டு மண்ணுளிப் பாம்புகளைச் சேர்த்து வைக்க வேண்டாம். ஒன்று உண்ணும்போது மற்றதும் அதே இரையைக் கவ்வினால் விபரீதமாகும். தவிர, ஆணும் பெண்ணும் சேர்ந்தால் நான்கைந்து மாதங்கள் கழித்து ஒரு டஜனுக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு வீடு தேட வேண்டியிருக்கும். இது முட்டையிடாமல் குட்டி போடும் இனம். இதே குடும்பத்தில், மஸ்கட்டில் மருத்துவராக இருந்த இந்தியரான ஜெயகரின் பெயரைத் தாங்கிய அரேபிய மண்ணுளிப் பாம்பு முட்டையிடுவது ஒரு விந்தை.

குளிர்நாடுகளில் வசிப்போர் பனிக்கால மின்தடைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். சில மணிநேரம் வெப்பம் குறைவதால் வளர்ந்த பாம்புக்குத் தீங்கில்லை. தொட்டியைப் போர்வையால் சுற்றி, காற்றுக்குச் சிறிது வழிவிட்டு வைத்தால் தடித்த மண்ணே சூட்டைக் காத்துக்கொள்ளும். தடை நீடித்தால் பாம்பைத் துணிப்பைக்குள் இட்டு, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துண்டில் சுற்றி அருகில் வைத்து, இரண்டையும் தெர்மோகோல் பெட்டிக்குள் வைக்கலாம். புட்டி நேரடியாகப் பாம்பின்மேல் படக் கூடாது. வெப்பமில்லாதபோது வயிற்றிலுள்ள இரை செரிக்காமல் அழுகும் என்பதால், புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் உணவைத் தள்ளிப்போட்டு, மின்சாரம் திரும்பி வெப்பநிலை ஒரு நாள் முழுதும் சீரான பிறகே கொடுங்கள்.